அண்ணன் விட்டுப்போன தொட்டி

நவம்பர் 3
அண்ணனின் கடல்நீர்த் தொட்டியில், பின்பக்கப் பாறையில் மூன்று புது பாலிப்கள், பூ மாதிரி கை விரிக்கிற சின்ன உயிர்கள். பழுப்பு, உள்ளே தெரிகிற மாதிரி உடம்பு. அண்ணன் வைத்த, பவளம் மாதிரியான சோவாந்திட் இல்லை.

நவம்பர் 4
கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். நிம்மதி.

நவம்பர் 12
பதினேழு. மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

கிளவ் பாலிப் என்ற மென்பவளமாக இருந்துவிடக் கூடாதா என்று டார்ச் அடித்து அதன் கைகளைப் பார்த்தேன். கிளவுக்கு எட்டே கைகள், ஓரம் இறகு மாதிரி பிரிந்திருக்கும். இதற்கு எண்ணி மாளவில்லை. வழவழவென்று, நுனி கூர்மையாக இருக்கிறது. குழாய் நுனி பட்டதும் சட்டென்று பொந்துக்குள் போய்விட்டது. ஐப்டாசியாவேதான், தொட்டியில் களை மாதிரிப் பரவுகிற கடல் அனிமோன். அடியில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து முழுசாக இன்னொன்று வளருமாம். சுரண்டிச் சுரண்டி நானே விதைத்திருக்கிறேன்.

நவம்பர் 13
அண்ணனிடமிருந்து மெசேஜ் இல்லை. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ.

நவம்பர் 15
மழை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. பேட்டரி பம்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 16
பாறையை வெளியே எடுத்து வெந்நீரில் வேக வைத்துவிடு என்கிறான் நண்பன். அதே பாறையில் சோவாந்திட் இருக்கிறதே. அதில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கலாம்; கொதிக்க வைத்தால் ஆவியோடு வந்து மூச்சில் கலந்துவிடும். இப்படிச் செய்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் ஆயா படுக்கிறாள். நண்பனிடம் கோபமாகவே பேசிவிட்டேன்.

நவம்பர் 17
சுண்ணாம்புதான் வழி. ஆயா தன் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள். அதில் என்ன கலந்திருக்குமோ என்று சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் கூழ்ப் பதத்துக்குக் குழைத்தேன். பம்பை நிறுத்திவிட்டு சிரிஞ்சால் ஐப்டாசியாவின் வாயின் மேலேயே மூடினேன். ஒரு நாளைக்கு நாலுதான். அதிகம் போட்டால் பி.எச். எகிறிவிடும். கை நடுங்கியது.

நவம்பர் 19
கொளத்தூர் மீன் கடைக்குப் போய், ஐப்டாசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் கேட்டேன். கொடுத்தார்கள். வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால் முதுகில் கூன், சிவப்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. கேமல் இறால். சோவாந்திட்டைத் தின்றுவிடும். பெயர் தெரியாமல் விற்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தனி டப்பாவில் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 22
ஐப்டாசியா ஆறுதான் மிச்சம். தண்ணீரின் உப்பு அடர்த்தி 1.025, சரி.

நவம்பர் 23
அண்ணன்! "டேங்க் எப்படி இருக்கு?" அவ்வளவுதான். எழுதி எழுதி அழித்தேன். பதில் போடவில்லை.

நவம்பர் 24
தொட்டிக்குக் கீழே தண்ணீரை வடிகட்டும் சம்ப்புக்குள் டார்ச் அடித்தேன். பம்புக்கு அடியில் நாலு.