கல்லைத் தொடாமலே கல் எதுவென்று சொல்வது

நிலா வெள்ளை வெளேரென்று தெரிவதற்குக் காரணம் சுற்றிலும் வானம் கன்னங்கரேலென்று இருப்பதுதான். மேலே விழும் வெயிலில் சுமார் 12 சதவீதத்தை மட்டுமே அது திருப்பி அனுப்புகிறது, தேய்ந்துபோன தார்ச்சாலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீதியெல்லாம் உள்ளே போய்விடுகிறது. எந்த நிறத்தில் எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கெடுத்தால் அங்கே கிடக்கும் கல் எது என்று ஓரளவு சொல்லிவிடலாம், பக்கத்தில் போகவே வேண்டாம்.

பைராக்சீன் என்று ஒரு கனிமம், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளில் நிறைய இருக்கும். அதிலுள்ள இரும்பு, அகச்சிவப்பில் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்திலும் 2 மைக்ரோமீட்டர் பக்கத்திலும் ஒளியை உறிஞ்சுவதால், நிறமாலையில், அதாவது எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்று காட்டும் கோட்டில், இரண்டு பள்ளம் விழும். ஒலிவின் என்ற இன்னொரு கனிமம் என்றால் 1 மைக்ரோமீட்டர் பக்கத்தில் மட்டும், அகலமாக. 1970ல் மெக்கார்ட், ஆடம்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெஸ்டா என்ற சிறுகோளின் ஒளியில் முதல் பள்ளத்தைப் பார்த்து, பூமியில் விழுந்த ஒருவகை பசால்ட் விண்கற்களோடு அது பொருந்துகிறது என்றார்கள். 2011ல் டான் விண்கலம் அங்கே போய்ச் சுற்றிப் பார்த்தபோதும் அதுவே சரி என்று ஆனது.

எல்லாம் இப்படி லேசில் பொருந்துவதில்லை, எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை சாதாரண காண்டிரைட்டுகள் என்ற கல் வகை. சரி, அவ்வளவு விழுகிறதென்றால் மேலே அதே மாதிரி சிறுகோள்களும் ஏராளமாக இருக்க வேண்டுமே? எஸ் வகை எனப்படும் கற்சிறுகோள்கள் ஏராளம்தான், ஆனால் அவற்றின் ஒளி கொஞ்சம் சிவந்து, பள்ளங்கள் ஆழம் குறைந்து, ஆய்வுக்கூடத்தில் பொடித்த காண்டிரைட்டோடு ஒத்துப்போகாமல் பல வருடம் இழுத்தடித்தது. சூரியனிலிருந்து பாயும் துகள்களான சூரியக் காற்றும் நுண்விண்கற்களும் மோதிக்கொண்டே இருப்பதால் மணல் துகள்களின் மேல் நானோமீட்டர் அளவு இரும்புத் துணுக்குகள் படிந்து நிறத்தையே மாற்றிவிடுகின்றன என்று சிலர் சொல்லிவந்தார்கள். 2010ல் ஹயபுசா விண்கலம் இடோகாவா என்ற எஸ் வகைச் சிறுகோளிலிருந்து கொண்டுவந்த தூசியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே சுத்தமான காண்டிரைட், வெளித்தோலில் அதே இரும்பு! ஒளி காட்டுவது இந்தத் தோலைத்தான், ஒரு மீட்டர் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அப்புறம் தண்ணீர் விஷயம். சந்திரயான்-1ல் போன நாசாவின் எம்3 என்ற நிறமாலைக் கருவி நிலாவின் ஒளியில் 3 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒரு பள்ளத்தைக் கண்டது, 2009ல் செய்தி வந்தது. தண்ணீர் என்று தலைப்பு போட்டுவிட்டார்கள், ஆனால் அந்த இடத்தில் தண்ணீரும் ஹைட்ராக்சிலும் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தது) ஒன்றாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு வெயில் காய்ந்த தரையின் சொந்த வெப்பக் கதிரும் அங்கே கலந்துகொள்வதால் அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், எவ்வளவு கழிப்பது என்பதிலேயே ஏகப்பட்ட சண்டை. நிலாவில் கிளேவியஸ் என்ற பெருங்குழியில் இருப்பது தண்ணீர் மூலக்கூறுதான் என்று 2020ல் அறிவித்தது சோஃபியா, விமானத்தில் பறந்த தொலைநோக்கி. அது 6 மைக்ரோமீட்டரில் பார்த்தது, அங்கே ஹைட்ராக்சில் குறுக்கிடாது. வேடிக்கை என்னவென்றால், அந்த அலைநீளத்தில் வருவது பட்டுத் திரும்பிய வெயில் இல்லை, சூடான நிலாத் தரை தானே வெளிவிடும் கதிர்.