ரெண்டு மருந்து, ஒரு சுண்டெலி

ஜூன் 3

மார்ஃபினையும் குளோனிடினையும் சேத்துக் குடுத்தா கம்மி டோஸ்லயே வலி அடங்குமான்னு சுண்டெலிகள்ல பாக்கறோம். முதல்ல தனித்தனியா, மார்ஃபின் குரூப் இன்னைக்கு முடிஞ்சுது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல வால் விறைச்சு முதுகுப் பக்கமா வளைஞ்சு நிக்குது, ஸ்ட்ராப் டெயில்னு படிச்சதுதான், ஆனா நேர்ல பாக்கறப்ப மனசு என்னவோ பண்ணுது. வலி தெரியுதான்னு பாக்க எலியை விடுற சூடான தட்டு, ஹாட் பிளேட், 55 டிகிரி. பின்னங்காலை நக்குற வரைக்கும், இல்ல குதிக்கிற வரைக்கும் ஸ்டாப்வாட்ச் ஓடும், 30 செகண்ட் ஆயிட்டா நக்கினாலும் நக்கலைன்னாலும் தூக்கிடணும், இல்லன்னா பாதம் வெந்துடும். இதுல மட்டும் ஒரு செகண்ட் கூட அசட்டையா இருக்கக் கூடாது.

ஜூன் 6

குளோனிடின் குரூப். இது பிரஷருக்குன்னு வந்த மருந்து, ஆனா தண்டுவடத்துல வலி சேதி கொண்டு வர்ற நரம்பு முனையில மார்ஃபின் போய் ஒட்டுற ஓபியாய்டு ரிசெப்டாரும் இருக்கு, குளோனிடின் ஒட்டுற ஆல்ஃபா-2 ரிசெப்டாரும் இருக்கு, அதனால ஒரே கதவை ரெண்டு பேர் சேந்து சாத்துற மாதிரி. மார்ஃபின் அளவைக் குறைச்சா மூச்சு அடங்குற பயம் குறையும்னு நம்பித்தான் இவ்வளவும் பண்றோம்.

ஜூன் 11

சேத்துக் குடுத்தாச்சு. சிரிஞ்சுல கோட் நம்பர் மட்டும்தான், எதுல எதுன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் கோட் நம்பரைப் பிரிச்சுப் பாத்தா ரெண்டு மருந்தும் வாங்கின அத்தனை எலியும் 30 செகண்ட் நின்னிருக்கு! ஓடிப் போய் சீனியர் அக்காகிட்ட சினர்ஜின்னு சொன்னேன், அதாவது ரெண்டோட பலனையும் கூட்டினா வர்றதை விட ஜாஸ்தியா வேலை செய்யுதுன்னு. "கூடுதலா வேலை செஞ்சா உடனே சினர்ஜியாடா? ரெண்டு மருந்து குடுத்தா கூடத்தானே செய்யும்"னாங்க. உண்மைதான். ஒரு அச்சுல மார்ஃபினோட ஈடி50 (பாதி பலன் குடுக்குற டோஸ்), இன்னொன்னுல குளோனிடினோடது, நடுவுல நேர்கோடு, சேத்துக் குடுத்த டோஸோட புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழ நல்லா தள்ளி விழுந்தாத்தான் சினர்ஜி, லோவேயும் முய்ஷ்நெக்கும் 1926-லயே போட்ட அடிப்படை இது. எல்லாமே 30-ல போய் முட்டினா ஈடி50 எங்க இருந்து வரும்? டோஸ் ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல.

ஜூன் 13

ராத்திரியெல்லாம் உறுத்தின விஷயத்தை இன்னைக்கு செஞ்சு பாத்தேன். அதே டோஸ், ஆனா பிளேட் இல்ல, ரோட்டாராட். சுத்துற உருளையில ஒரு எலி நாலு அடி வெச்சுது, அப்புறம் பக்கவாட்டுல சரிஞ்சு விழுந்துது. குளோனிடின் தூக்கம் வர வைக்கும்னு தெரிஞ்சதுதான். அப்ப பிளேட்டுல அது சும்மா நின்னது வலி தெரியாமலா, இல்ல காலைத் தூக்கக் கூட தெம்பில்லாமலா? வலிச்சும் நக்க முடியாம நின்னிருந்தா அதை நான் வலி போச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், இதை நினைச்சா சாப்பாடே இறங்கல. அதோட மயக்கமும் வலி நிவாரணம் மாதிரியே பெருகிட்டா டோஸ் குறைச்சு என்ன லாபம்? மயக்கத்துக்கும் தனியா ஒரு கோடு போட்டே ஆகணும்.

சார்கிட்ட சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு கால் பங்கு டோஸ், முதல்ல ரோட்டாராட், அதுல கீழ விழாம நடந்தாத்தான் அந்த டோஸ் பிளேட்டுக்குப் போகும்.