தத்துப் பிள்ளையோடு மட்டக்களப்பில் காத்திருக்கும் வாரங்கள்

வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க வருகிறவர்கள் பைல் கட்டுவதில் காட்டுகிற கவனத்தில் பாதியைத் தங்கப்போகும் வீட்டுக் கிணற்றில் காட்டினால் எவ்வளவோ நல்லது. நீதிமன்றக் கட்டளை கிடைத்துப் பிள்ளை கைக்கு வந்த பிறகு, பாஸ்போட்டும் போகிற நாட்டின் அனுமதியும் வரும்வரை இலங்கையின் கிழக்கில் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்காக இது.

கடதாசி விசயம் சுருக்கமாக. 1941ஆம் ஆண்டின் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. வெளிநாட்டவருக்கான விதிகள் 1992இல் இறுக்கப்பட்டன. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றது. உங்கள் நாட்டு அதிகாரசபை வழியாக நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போகவேண்டும். "தங்கச்சிட பிள்ளைதானே, சத்தியக்கடதாசி முடிச்சுக் கூட்டிட்டுப் போவம்" என்று நம்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கடதாசியை எந்த நாட்டுக் குடிவரவும் தத்தெடுப்பாக எடுக்காது.

இனித் தண்ணீர். கல்லடி, நாவலடி முதல் கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோரம் முழுக்க மணல். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்புப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். குழியிலிருந்தும் பசளையிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றும் கொதியில் போகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதை அது கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வெறும் தேத்தண்ணி கரித்தாலோ, சவர்க்காரம் நுரைக்காவிட்டாலோ அந்தக் கிணறு குளிக்கத்தான். பால் கரைக்கக் குழாய்த் தண்ணீர் எடுங்கள். போத்தல் தண்ணீர் என்றால் லேபலில் சோடியம் குறைந்ததைப் பாருங்கள். அதையும் கொதிக்கவைக்கத்தான் வேண்டும்.

பால்மாவைப் பிள்ளை இருந்த இல்லத்திலேயே கேட்டு, அதே பெயர், அதே இலக்கத் தகரத்தை முதல் வாங்குங்கள். வந்த அன்றே கனடா மாவுக்கு மாற்றினால் வயிறு கட்டும், அல்லது கழியும். பிறகு குற்றம் மாவிலா தண்ணீரிலா என்று கண்டுபிடிக்கவே ஏலாது. மாற்றுவதென்றால் ஒரு கிழமை எடுத்து, நாளுக்கு ஒரு நேரப்பாலாக மாற்றுங்கள். ஒரு தகரத்துக் கரண்டியை இன்னொரு தகரத்துக்குள் போடவே வேண்டாம், அளவு வேறு. கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலீற்றர் கணக்கில், 4 கிலோப் பிள்ளைக்கு 600. எட்டு நேரம் என்றால் தடவைக்கு 75. 400 கிராம் தகரம் ஐந்து நாளில் முடியும். வெள்ளத்தில் கடை பூட்டிக் கிடக்கும் மார்கழியில் இரண்டு தகரம் கையிருப்பில் இருக்கட்டும்.

பால்மா கிருமி நீக்கிய பொருள் அல்ல. அதனால் கொதித்த தண்ணீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறுமுன், அதாவது அடுப்பிலிருந்து இறக்கி அரை மணித்தியாலத்துக்குள், மாவைக் கரைக்கவேண்டும். கரைத்ததும் போத்தலைப் பச்சைத் தண்ணீர்க் கோப்பைக்குள் கழுத்தளவுக்குக் கீழே நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்குமேல் வைக்காதீர்கள். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். போத்தலும் சூப்பியும் மூடிய சட்டியில் பத்து நிமிசம் கொதிக்கட்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிய 120 வோல்ற் அவிக்கும் இயந்திரத்தை இங்கே 230 வோல்ற்றில் மாட்டினால் எரிந்துவிடும். பிளக் மாற்றி மட்டும் போதாது. கரண்ட் போகும் இரவுக்கு நல்ல சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் ஒன்று வேண்டும்.

கச்சான் என்கிற சூடான மேல்காற்று அடிக்கிற வைகாசி, ஆனியில் பகலில் ஒரு தடித்த சட்டையே கூடுதல். நப்கின் கட்டினால் தொடை இடுக்குச் சிவக்கும். வீட்டில் இருக்கும்போது பருத்திச் சீலையே திறம். மாரியில் டெங்கு. அந்த நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை.

முதல் கிழமையிலேயே பகுதி மிட்வைஃப் மிஸ்ஸியைப் பிடியுங்கள். போத்தலைக் கண்டதும் ஏசுவார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது இங்கு கடுமையான வழக்கம். தத்துப் பிள்ளை என்று முதலே சொல்லிவிடுங்கள். கோப்பையாலும் கரண்டியாலும் பருக்கச் சொல்வார், அதைக் கேட்பதில் நட்டமில்லை, கழுவுவது லேசு. இல்லத்திலிருந்து பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் வாங்குங்கள். பிறந்தவுடன் காசநோய்க்கான பீசீஜி; 2, 4, 6 மாதத்தில் ஐந்து நோய்க்கான ஐங்கூட்டு ஊசியும் போலியோ மருந்தும். பீசீஜி போட்ட இடம் சில வாரத்தில் சீழ் வைக்கும், அது சரியான விளைவு, களிம்பு பூசாதீர்கள். ஊசி விபரத்தை ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கும்போது மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05.04 என்பது இங்கே சித்திரை வருசத்துக்குக் கிட்டிய நாள், அமெரிக்காவில் மே.

சொந்தக்காரர் வருவார்கள். "பிள்ளை ஆருட சாயல் மனே?" என்று பெரியம்மா கேட்பா, அது பாசம், சிரித்துவிட்டு விடலாம். தேன் தொட்டு வைக்க வந்தால் மட்டும் விடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேனில் உள்ள நச்சுக்கிருமி பிள்ளையின் குடலில் முளைக்கும். வசம்பும் சீனித்தண்ணியும் வேண்டாம். கன்னத்துக் கரும்பொட்டுத் தாராளமாக இருக்கட்டும், பாஸ்போட் படம் எடுக்கும் நாளில் மட்டும் கழுவுங்கள். படத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும். பால் குடித்து அரை மணித்தியாலம் கழித்துப் போங்கள், கண் திறந்திருக்கும், வாயில் பாலும் வராது.

கொழும்புக்குப் போக ரயிலை நம்பி அடுத்த நாள் காலைத் தவணை எடுக்காதீர்கள். புணானை, வெலிக்கந்தைப் பக்கம் யானை மோதினால் எத்தனை மணி தாமதம் என்று சொல்ல ஏலாது. வாடகை வான் பிடித்து, விடியத் தொடங்கும்போது வெளிக்கிடுங்கள், இருட்டில் அந்தக் காட்டு ரோட்டு வேண்டாம். வானில் பிள்ளை இருக்கை கிடைக்காது, நீங்களே கொண்டுவரவேண்டும். சாரதியிடம் ஏசி இருக்கா என்று கேட்குமுன் நடு சீற்றில் தோளும் இடுப்பும் பிடிக்கிற பெல்ட் இருக்கா என்று கேட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.