கையைத் தூக்காத ஆறு வாரம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகுவதற்கான குழாய்கள் இருக்கின்றன. ஈரத்துணி கோத்த கழியை இரு கைகளாலும் தூக்கி, சன்னல் விளிம்பில் சாய்த்து, எட்டிக் குனிந்து குழாய்க்குள் நுழைப்பதை 14 ஆண்டுகளாக யோசிக்காமலே செய்துவந்தேன். சென்ற டிசம்பர் தொடக்கத்தில் மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகுதான், ஒரு நாளில் எத்தனை முறை கையைத் தோளுக்கு மேலே தூக்குகிறோம் என்று எண்ணத் தொடங்கினேன்.

ஏன் செய்துகொண்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பாலூட்டி முடித்தபோது மார்பு வற்றித் தளர்ந்திருந்தது. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவில் சிறுத்தும்போயிருந்தது. கணவர் முதலில் வேண்டாம் என்றார், பிறகு உன் விருப்பம் என்றார். அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்பதால் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் கணக்கிலிருந்து ஒரு வெள்ளியும் எடுக்க முடியாது. என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன், ஆண்டு விடுப்பில் பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

மார்புக்குள் வைக்க, வழவழப்பான மேற்பரப்புடைய சிலிகான் பைகளை, அதாவது இம்ப்ளாண்ட்டுகளைத் தேர்ந்தெடுத்தோம். இடப்பக்கம் 245 சிசி, வலப்பக்கம் 275 சிசி. இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். எனக்கு உடல் மெலிவு என்பதால், விளிம்பு வெளியே தெரியாமலிருக்க அவற்றை மார்புத் தசைக்கு அடியில் வைத்தார்கள். எல்லாத் தொல்லையும் இந்தத் தசையால் வந்ததுதான். மார்புப் பெருந்தசை மார்பெலும்பிலும் விலா எலும்புகளிலும் தொடங்கி மேற்கை எலும்பில் போய் முடிகிறது. ஆகவே தலைவாரக் கையைத் தூக்கினாலும், கதவைத் தள்ளினாலும், குக்கர் மூடியைத் திருகினாலும் இழுபடுவது புண்பட்டிருக்கும் அதே இடம்தான். நெஞ்சின் மேல் யாரோ செங்கல் அடுக்கியதுபோன்ற பாரத்தை முதல் மூன்று நாள் உணர்ந்தேன். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், படுக்கையிலிருந்து எழுவதற்குக் கையை ஊன்ற முடியாமல், கவிழ்த்துப்போட்ட ஆமைபோல் கிடந்து கணவரைக் கூப்பிட்டதுதான் பொறுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நான்கு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே மூன்று வாரம் உறங்கினேன். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்று யாராவது முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்கலாம். முக்கினால் நெஞ்சும் சேர்ந்து வலித்தது.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் திட்டவில்லை. ஒரு பை நிறையக் காய்கறியோடு தேக்கா சந்தையிலிருந்து நேராக வந்து, “கத்தரிக்காய், கருவாடு, நண்டு எதையும் கண்ணுல காட்டக் கூடாது, புண்ணு சீழ் கோத்துக்கும்” என்று பத்தியத்தை அறிவித்துவிட்டார். மருத்துவர் அப்படி எதையும் விலக்கச் சொல்லவில்லை. அறுவைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே ஆஸ்பிரினையும் மீன் எண்ணெய் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார், அவை இரத்தம் உறைவதைத் தடுக்கும் என்பதற்காக. ஆனாலும் அம்மாவின் பத்தியத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அவர் சுறாப்புட்டு செய்து கொண்டுவந்ததைப் பார்த்து, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பதை எனக்கு எதற்கு என்று கேட்டேன். மார்புக்கு நல்லது என்றால் மார்புக்கு நல்லதுதான் என்றார். சிரித்தால் தையல் வலித்தது.

மாமியாரிடம் தோள்பட்டையில் சிறிய அறுவை சிகிச்சை என்று சொல்லிவைத்தோம். மார்பில் கட்டி என்று சொல்லலாம் என்ற எண்ணமும் வந்தது. ஆனால் மாமனாரின் தங்கை அந்த நோயில் போனவர், அந்தப் பொய் எனக்கு வாயில் வரவில்லை. தோள்பட்டைப் பொய் கையைத் தூக்காததற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பொருந்தியதன் விளைவாக அவர் தைலப் புட்டியோடு வந்து, தோளை நீவி விடுகிறேன் என்று ஒருநாள் முழுவதும் என்னைத் துரத்தினார். முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிகள் மூன்றையும் அவர்தான் வாங்கிவந்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். தலைவழியாகப் போடும் எந்த உடையையும் உடுத்த முடியாத நாட்களில் அவை பெரிய உதவி. தலைமுடியை ஒன்பது வயது மகள் வாரிவிட்டாள். அவளுக்குக் குதிரைவால் மட்டுமே கட்டத் தெரியும், ஆறு வாரமும் குதிரைவாலோடுதான் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு தவறு செய்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, வீட்டில் யாரும் இல்லை, கழியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு கழிதானே என்று எட்டி இழுத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை; மாலையில் இடப்பக்கம் மட்டும் புடைத்து, தோல் இறுகிப் பளபளத்தது. அறுவை செய்த மருத்துவரின் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, வீக்கம் சகஜம், திங்கட்கிழமை வாருங்கள் என்று பதில் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கும் வீக்கம் சகஜம்தான். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பெருத்தால் உள்ளே இரத்தம் கசிந்து கட்டியிருக்கலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று எனக்குக் கொடுத்த தாளிலேயே அச்சிட்டிருந்தது. கணவர் அந்தத் தாளையும் என்னையும் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். ஸ்கேனில் சிறிதளவு நீர் கோத்திருப்பது மட்டுமே தெரிந்தது. இரண்டு வாரத்தில் அது தானே வற்றியது. அந்தத் தொலைபேசிப் பதிலை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவும் பகலும் இறுக்கமான மருத்துவ உள்ளாடையை அணிந்திருப்பது தனித் தண்டனை. மார்புக்கு அடியிலுள்ள மடிப்பில்தான் தையல், வியர்வையும் அங்கேதான் தேங்கும். பவுடர் போடக் கூடாது என்பதால் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்து, நனைந்ததும் மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து காம்பைச் சுற்றி மின்சாரம் தாக்கியதுபோல் சுரீர் என்று ஒரு வலி வந்து வந்து போனது. அறுபட்ட நரம்புகள் மீண்டும் உயிர்பெறுவதன் அடையாளம் என்றார்கள். வலப்பக்கத்தில் உணர்ச்சி திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று, இடப்பக்கத்தின் கீழ்ப்பகுதி இன்னும் மரத்தேயிருக்கிறது. நம் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடித்துக் கறுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், காயம் ஆறியதும் சிலிகான் ஒட்டுத்தாளை மாதக்கணக்கில் ஒட்டிவந்தேன்.

அலுவலகம் திரும்பிய பிறகு மேசை வேலையில் சிரமம் இல்லை. எம்ஆர்டி ரயிலில்தான் சிரமம். காலை நெரிசலில் மேலே தொங்கும் பிடியைப் பிடிக்க முடியாது. கம்பத்தில் முதுகைச் சாய்த்து, பையை நெஞ்சுக்கு முன்னால் கேடயம்போல் பிடித்து நின்றேன். பார்வைக்கு நோயாளியாகத் தெரியாதவள் முன்னுரிமை இருக்கையில் உட்காரக் கூசினேன். தைப்பூசம் அதற்குள் வந்துவிட்டது. ஆண்டுதோறும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், தலையில் பால்குடத்தைப் பிடித்தபடி நடப்பவள் நான். இந்த முறை என் குடத்தை நாத்தனார் சுமந்தார், நான் வெறுங்கையோடு பக்கத்தில் நடந்தேன். தோள்பட்டைதான் காரணம் என்று அவருக்கும் சொல்லியிருந்தோம். முருகன் சந்நிதியில் அந்தப் பொய் கொஞ்சம் உறுத்தியது.

இப்போது அன்றாடத்தில் மீதமிருப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். குளிர்சாதன அறையில் நெடுநேரம் இருந்தால் மார்பு தொடுவதற்குச் சில்லென்றிருக்கிறது. சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைந்தால் தசை சுருங்கி இம்ப்ளாண்ட் பக்கவாட்டில் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. கடவுச்சீட்டோடு ஓர் அட்டையும் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பதன் வகை, அளவு, வரிசை எண் அதில் இருக்கும். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம், அரிதான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு கண்டறியப்பட்ட தன் சொரசொரப்பான இம்ப்ளாண்ட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, பெண்கள் தேடியது இத்தகைய அட்டையைத்தான். இது வாழ்நாள் முழுவதும் தாங்கும் பொருளும் அன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஐந்தாறு ஆண்டில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது, ஓசையில்லாமல் கிழிந்திருந்தால் கண்டுபிடிப்பதற்காக. எனக்கு 41 வயது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான மேமோகிராம் எடுக்கப் போனபோது முன்பதிவிலேயே சொல்லிவிட்டேன். வழக்கமான நான்கு படங்களோடு, இம்ப்ளாண்ட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து மேலும் நான்கு படங்கள் எடுத்தார்கள்.

போன வாரம் தேக்கா மாடியில் வழக்கமாகத் தைக்கும் கடைக்கு, தீபாவளிப் புடவைக்கு ரவிக்கை தைக்கப் போனேன். பழைய அளவு இருக்கிறதே என்று தையற்காரம்மா நோட்டைப் புரட்டினார். புதிதாக எடுத்துவிடுங்கள் என்றேன். “கையைத் தூக்கும்மா” என்று நாடாவை முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து இழுத்தார், படித்தார், இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டுப் புதியதை எழுதிவிட்டு, கைக்கு எவ்வளவு நீளம் வைப்பது என்று கேட்டார்.