அடி இறங்கினால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

மருத்துவர்கள் கர்ப்பப்பை இறக்கம் என்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் அடி இறங்கிவிட்டது என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன வீட்டில், மற்றவர்கள் நகர்ந்த பிறகு அந்தக் குழந்தையின் பாட்டி என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிடுவார். "நர்சம்மா, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ கீழே வருகிறது." கையோடு அடுத்த கேள்வியும் வரும்: "எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?"

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

கர்ப்பப்பையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் இடுப்புத் தளத் தசைகளும் நார்களும் தளர்ந்துவிட்டன. அதனால் அது இறங்குகிறது. பிரசவங்களில் நைந்த தசைகள், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த பிறகு மேலும் வலுவிழக்கின்றன. தீராத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், பளு எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே மீன் கூடையைத் தலையில் ஏற்றிய தேவனாம்பட்டினத்துப் பெண்களையும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி மூட்டை தூக்கியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் 'பளு தூக்காதே' என்று சொல்லிவிட்டு வருவது எனக்குக் கடைசிவரை கூசியது. அடுத்த வேளைச் சோறு அந்தக் கூடையில்தானே இருக்கிறது.

தாங்குவதைச் சரிசெய்யாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிறப்புறுப்பின் மேல்பகுதியே பிற்பாடு கீழே இறங்கக்கூடும். முன்னால் சிறுநீர்ப்பையும் பின்னால் மலக்குடலும் சரிந்திருந்தால் அவற்றையும் பார்க்க வேண்டும். விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் போகிறது என்று ஒரு பெண் சொன்னால், அநேகமாக அங்கே சிறுநீர்ப்பை இறங்கியிருக்கும். மருத்துவரிடம் அதை விடாமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சை பாதியில் நின்றுவிடும்.

இறக்கம் கொஞ்சமாக இருந்தால் முதலில் பயிற்சி. மலவாயில் காற்றை அடக்குவதுபோல் உள்தசையை மேல்நோக்கி இறுக்கி, ஐந்து நொடி வைத்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். முழுவதும் வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையை இது மேலே ஏற்றாது.

நம் பெண்களில் பலர் கேள்விப்படாதது, இறங்கிய கர்ப்பப்பையை உள்ளிருந்தே தாங்கிப் பிடிக்கும் வளையம். சிலிகானால் ஆனது, பெண்ணின் அளவுக்குப் பார்த்து மருத்துவர் உள்ளே பொருத்துவார். பொருத்திய பிறகு நடந்து, இருமி, சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தானே எடுத்துப் போடப் பழகிக்கொள்பவர்களும் உண்டு. இதய நோய் இருப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு அஞ்சுபவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே பெரும்பாலும் செய்யலாம். இளம்வயதில் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளும் உள்ளன. தாங்குவதற்காகப் பிறப்புறுப்பு வழியாகச் செயற்கை வலை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் விவரம் கேளுங்கள். இறக்கத்துக்காக அப்படி வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-ல் நிறுத்தியது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ, எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, "வெறுமனே எடுப்பீர்களா, தாங்கும் தசைகளையும் சேர்த்துத் தைப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அறுவை சிகிச்சை முடிந்து வரும் மாமியாரின் கையில் தண்ணீர்க் குடத்தைக் குறைந்தது ஆறு வாரத்துக்குக் கொடுக்காதீர்கள் மருமகள்களே. உங்களுக்குப் பிரசவமானால் அவரும் அப்படியே செய்யட்டும். வெளியே வந்த பகுதியில் புண்ணோ இரத்தமோ தெரிந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.