அணைந்த கம்பி

அண்ணன் மகள் மிதித்தது, எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை.

தீபாவளி காலை 6.40. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரம்கூட அவள் தலையில் காயவில்லை. பாதத்தில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் மெல்லிய, நேரான, சிவந்த கோடு.

அத்தை பற்பசையோடு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் பேனா மை தடவச் சொன்னார். (இப்போது யார் வீட்டில் மை இருக்கிறது?) நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்தேன்.

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். அது எவ்வளவு நீளம் என்பது, அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் தெரியும். அதற்குள் பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்திருந்த காலை 6 முதல் 7 மணியும் முடிந்துவிட்டது.

மத்தாப்பின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. அணுகுண்டு வெடிக்கு இருபது அடி தள்ளி ஓடும் நாம்தான், இதை மூன்று வயதுக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறோம்.

பாட்டி இருந்தவரை வாசலில் மணல் நிரப்பிய பழைய அலுமினியச் சட்டி ஒன்று இருக்கும். எரிந்த கம்பியை அதில் குத்தினால்தான் அடுத்த கம்பி கைக்கு வரும். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

இன்று மாலை வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தோம். அவள் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு 'சுர்ர்'.

அண்ணன் இன்னும் இரண்டு கம்பி பாக்கியாம்.