சும்மான்னா எத்தனை ஜிஎஸ்எம்?

சென்னை ஜார்ஜ் டவுனில் போய் "சும்மா பார்க்க வந்தோம்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நம்மை ஒரு தினுசாகப் பார்ப்பார். அங்கே தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதம், கோடவுன் தெரு என்றால் துணி. விற்கிறவர், வாங்குகிறவர், சுமக்கிறவர் என்று எல்லோருக்கும் வேலை இருக்கிறது. வேலை இல்லாமல் ஒரு புதன்கிழமை முழுக்க அங்கே திரிந்தது நானும் என் தோழியும்தான்.

அவள் பெங்களூரு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சென்னைக்கு வந்தால் சொந்தக்காரர் வீடு, தி.நகர், திரும்ப ரயில். இந்த முறை அவளாகவே, "கடை கண்ணியெல்லாம் வேண்டாம்டீ, எங்கேயாவது நடக்கலாம்" என்றாள். கடை வேண்டாம் என்றவளைக் கடையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்துக்கு அழைத்துப்போனேன். அது என் புத்தி.

மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தபோது மணி ஒன்பதரை. கறுப்புக் கோட்டுகள் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சிவப்புக் கட்டடம் திறந்தது 1892இல். அதன் உயரமான கோபுரத்து உச்சியில் பல வருஷம் கலங்கரை விளக்கம் எரிந்தது. கோர்ட்டே கப்பலுக்கு வழி சொன்ன ஊர் இது.

ஆனால் எனக்கு அவளிடம் காட்ட வேண்டியிருந்தது ஒரு கல். முதலில் இங்கிருந்த கறுப்பர் நகரம், அதாவது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே உள்ளூர்க்காரர்கள் குடியிருந்த ஊர், இப்போது நீதிமன்றம் நிற்கும் நிலத்தில்தான் இருந்தது. 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த வீடுகள் அவர்களுக்கு நல்ல மறைப்பாகப் போயின. முற்றுகை முடிந்த கையோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்ததை இடித்து, பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி ஆக்கினார்கள். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைக் கற்கள் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்று பாரிமுனையில் இருக்கிறது. 1788இல் மதராஸ் வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் ஒட்டிக்கொண்ட அதே முனை.

கல் எந்தப் பக்கம் என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "என்ன கல்லும்மா? மார்பிளா, கிரானைட்டா? அதெல்லாம் வேற ஏரியா" என்றார். தோழி சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. அப்புறம் அவளேதான் கல்லைக் கண்டுபிடித்தாள். "இதுக்கா இவ்வளவு கதை?" என்று மட்டும் கேட்டாள்.

அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் சர்ச். வெளியே ஹாரன், வசவு, பார்சல் மூட்டை. வாசலைத் தாண்டி நாலடி வைத்தால் அத்தனையும் அடங்கிப்போகிறது. இப்போதுள்ள கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. தரையில் பதித்த கல்லறைக் கற்களில் கொக்கி கொக்கியாக ஆர்மீனிய எழுத்து. மிதித்துவிடக் கூடாதே என்று தோழி பாண்டி ஆடுவது மாதிரி தாண்டித் தாண்டி நடந்தாள். ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்த மதராஸிலிருந்துதான். அதை நடத்திய பாதிரியார் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள், அதில் ஒன்றில் தமிழ் எழுத்து உண்டு. நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பழைய ஹாஸ்டல் கதைகளைப் பேசினோம். இவ்வளவு நாள் போனில் பேசியதெல்லாம் பேச்சே இல்லை என்று தோன்றியது.

தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்குப் போனோம். சத்ரபதி சிவாஜி 1677இல் வந்து கும்பிட்டதாகச் சொல்லும் கோயில். குங்குமம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஆண்டர்சன் தெருவில் நடுவில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. "ஓரம்! ஓரம்!" என்று பின்னாலிருந்து வந்த மீன்பாடி வண்டிக்கு ஒதுங்கியதில் என் செருப்பு வார் அறுந்தது. பக்கத்துக் காகிதக் கடைப் படியில் உட்கார்ந்து ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தோழியைப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றார்.

"சும்மாண்ணா, பேப்பர் பார்க்கலாம்னு..."

"சும்மான்னா எத்தனை ஜிஎஸ்எம்?"

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். அவள் முழித்தாள். அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு தாளை உருவி அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார். "தேய்ச்சுப் பாருங்க. இது எழுபது." அடுத்ததை வைத்தார். "இது தொண்ணூறு. இது நூத்தி இருபது, கல்யாணப் பத்திரிகைக்குப் போறது." நாலைந்து தாளுக்குப் பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பரீட்சையே வைத்தார். தோழி மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னாள். எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. ரீம் என்றால் 500 தாள், அதற்குக் கீழே அவர் விற்பதில்லை. இவள் கேட்டது நாலு தாள். கடைசியில் கட்டிங்கில் விழுந்த கலர் துண்டுகளை ஒரு கட்டாகச் சணலால் கட்டி, "எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் பர்மாக்காரர் வண்டியில் அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு வடை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து போடுகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். வறுத்த வெங்காயம் திணித்த முட்டையையும் விடவில்லை. இரண்டாவது தட்டு யார் கேட்டது என்று இன்றுவரை தகராறு.

திரும்பும்போது மெட்ரோவில் பை சோதிக்கும் அம்மா அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் பார்த்து, "என்ன இது?" என்றார். நான் "சும்மா..." என்று வாயைத் திறப்பதற்குள் தோழி முந்திக்கொண்டாள்.

"பாதி எழுபது ஜிஎஸ்எம், பாதி தொண்ணூறு மேடம்."